ஆசிரியர் சங்கம் யாருக்காக? இங்கிலாந்தின் தேசிய ஆசிரியர் சங்கம் பற்றி ஒரு விவாத இழை

ஹாரோ_அம்மா:

வணக்கம். கன நாளாக மனதில் கிடக்கும் கேள்வி இது. 2023இல் இங்கே இங்கிலாந்தில் ஆசிரியர்கள் ஸ்ட்ரைக் செய்தபோது என் இரண்டு பிள்ளைகளும் வீட்டில் இருந்தார்கள். பிப்ரவரி 1ஆம் தேதி தொடங்கி யூலை வரைக்கும் விட்டு விட்டு நடந்தது. நான் கடையில் வேலை செய்கிறேன். லீவு எடுத்தால் அன்றைய காசு இல்லை.

ரீச்சர்மார் மேல் எனக்குக் கோபம் கிடையாது. நாங்கள் யாழ்ப்பாணத்தில் படித்த காலத்தில் ரீச்சர் தெருவில் வந்தாலே சைக்கிளை விட்டு இறங்கி நிற்போம். ஆனால் அந்த மாதங்களில் செய்தியில் கேட்டதெல்லாம் சம்பளமும் வேலைப்பளுவும்தான். பிள்ளைகளைப் பற்றி ஒருவரும் கதைத்த மாதிரித் தெரியவில்லை. யூனியன் என்பது ரீச்சர்மாருக்கு மட்டும்தானா? தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

ஈஸ்ட்ஹாம்_வாத்தியார்:

அக்கா, வணக்கம். நான் கிழக்கு லண்டனில் கணக்கு வாத்தியார். எங்கள் பள்ளியில் சங்கப் பிரதிநிதியும்கூட. நீங்கள் இழந்த கூலி உண்மையான இழப்பு. அதை ஒப்புக்கொள்ளாமல் மேலே பேசுவது சரியில்லை.

2023இல் வேலைநிறுத்தம் செய்தது தேசியக் கல்விச் சங்கம், சுருக்கமாக என்இயூ. இது 2017 செப்டம்பர் 1இல் இரண்டு சங்கங்கள் இணைந்து உருவானது. அவற்றில் பெரியது என்யூடி எனப்படும் தேசிய ஆசிரியர் சங்கம். அதன் வயது 150க்கு அருகில் இருந்தது. உங்கள் கேள்விக்கான விடை அந்தப் பழைய சங்கத்தின் பிறப்பிலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். பழைய_தாள் இதை நிறையப் படித்தவர். அவர் சொன்னால் நன்றாக இருக்கும்.

பழைய_தாள்:

அழைத்ததற்கு நன்றி. 1862இலிருந்து தொடங்க வேண்டும்.

அந்தக் காலத்தில் இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகள் படித்தவை பெரும்பாலும் தேவாலயங்கள் நடத்திய பள்ளிகள். அரசு மானியம் கொடுக்கும். அரசின் கல்விக் குழுவுக்குத் துணைத் தலைவராக இருந்த ராபர்ட் லோ, 1862இல் திருத்திய மானிய விதிகளைக் கொண்டுவந்தார். ஒரு பிள்ளை ஒழுங்காக வந்தால் ஆண்டுக்கு 4 ஷில்லிங். வருடத்தில் ஒருநாள் இன்ஸ்பெக்டர் வந்து வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் சோதிப்பார். மூன்றிலும் தேறினால் இன்னொரு 8 ஷில்லிங். ஒன்றில் தவறினால் 2 ஷில்லிங் 8 பென்ஸ் வெட்டு. இதற்குப் பெயர் 'தேர்ச்சிக்கேற்ற கூலி'. இந்த ஏற்பாடு மலிவாக இல்லாவிட்டால் திறமையாக இருக்கும், திறமையாக இல்லாவிட்டால் மலிவாக இருக்கும் என்று லோ நாடாளுமன்றத்திலேயே சொன்னார். மலிவானது நிச்சயம். 1861இல் 8,13,000 பவுண்டாக இருந்த கல்வி மானியம் 1865இல் 6,37,000 பவுண்டுக்கு இறங்கிவிட்டது.

அதற்கு முன் சான்றிதழ் பெற்ற ஆசிரியருக்கு அரசு நேரடியாக ஒரு தொகை கொடுத்துவந்தது. 1862க்குப் பிறகு பணம் முழுவதும் பள்ளி நிர்வாகத்திடம் போனது. மானியம் குறைந்தால் நிர்வாகம் ஆசிரியரின் சம்பளத்தில் கை வைக்கும். அப்போது வகுப்பறை எப்படி மாறும் என்று யோசித்துப் பாருங்கள். வாசிப்புப் புத்தகம் வருடத்துக்கு ஒன்றோ இரண்டோதான். அதையே முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை மனப்பாடம் செய்ய வைத்தார்கள். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பிழையில்லாமல் 'வாசித்த' பிள்ளைகளைப் பற்றிக் கதைகள் உண்டு. சோதனை நாளில் காய்ச்சலில் கிடந்த பிள்ளையையும் போர்த்தித் தூக்கிவந்து உட்கார வைத்தார்கள் என்று அக்கால நினைவுக் குறிப்புகள் சொல்கின்றன. வராத பிள்ளைக்கு 8 ஷில்லிங் கிடையாது. வரலாறு, புவியியல் எல்லாம் மானியக் கணக்கில் இல்லாததால் வகுப்பறையிலும் தேய்ந்தன.

சங்கம் பிறந்தது இந்த அவமானத்தில்தான். பிள்ளையின் தலைக்கு இத்தனை ஷில்லிங் என்று விலை வைத்தபோது ஆசிரியரின் மரியாதையும் பிள்ளையின் படிப்பும் ஒரே அடியில் விழுந்தன. இரண்டையும் பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை.

நெல்லை_ஓய்வுபெற்ற_ஆசிரியர்:

ஐயா, இதைப் படிக்கையில் கைகள் நடுங்கின. நம் சென்னை மாகாணத்திலும் 19ஆம் நூற்றாண்டில் இதே போல் தேர்ச்சியைக் கணக்கிட்டு மானியம் கொடுக்கும் முறை இருந்தது. திண்ணைப் பள்ளி வாத்தியார்கள் மானியத்துக்காக இன்ஸ்பெக்டரின் வருகைக்கு நாள் எண்ணியிருந்ததை எங்கள் பாட்டனார் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அங்கே ஆசிரியர்கள் என்ன செய்தார்கள்? தொடர்ந்து எழுதுங்கள்.

பழைய_தாள்:

1870 ஜூன் 25 அன்று லண்டன் கிங்ஸ் கல்லூரியில் கூடி ஒரு சங்கம் அமைத்தார்கள். முதல் பெயர் தேசியத் தொடக்கக்கல்வி ஆசிரியர் சங்கம். முதல் தலைவர் ஜே. ஜே. கிரேவ்ஸ், நார்தாம்டன்ஷயரில் லாம்போர்ட் என்ற சிற்றூரின் பள்ளி ஆசிரியர். பேராசிரியரோ பிரபுவோ கிடையாது என்பதைக் கவனியுங்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் அமைச்சர் ஃபார்ஸ்டரின் தொடக்கக் கல்விச் சட்டம் நிறைவேறியது. 1889இல்தான் தேசிய ஆசிரியர் சங்கம் என்று பெயர் மாறியது.

அவர்களுடைய ஆரம்பக் கோரிக்கைகளை வாசித்தால் அன்றைய ஆசிரியரின் வாழ்க்கை அப்படியே தெரியும். தேர்ச்சிக்கேற்ற கூலி ஒழிய வேண்டும். ஓய்வூதியம் வேண்டும். காரணமில்லாமல் வேலையை விட்டு நீக்கக் கூடாது. போதிய சம்பளம் வேண்டும். அப்புறம் ஒன்று: 'புறம்பான வேலைகள்' கூடாது. கிராமத்தில் பாதிரியார்தான் பள்ளி நிர்வாகி. வேலைக்கு ஆள் எடுக்கும்போதே தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கத் தெரியுமா, ஞாயிறு வகுப்பு எடுப்பாயா, பாடகர் குழுவைப் பழக்குவாயா என்று கேட்பார்கள். முடியாது என்றால் வேலை இல்லை. ஆசிரியர் பாதிரியார் வீட்டு வேலைக்காரருக்கு ஒரு படி மேல், அவ்வளவுதான்.

தேர்ச்சிக்கேற்ற கூலியை ஒழிக்க இருபது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. 1890இல் விதிகள் தளர்ந்தன, 1897க்குள் முழுதாகப் போயிற்று. 1898இல் ஓய்வூதியச் சட்டம் வந்தது. 1895 தேர்தலில் சங்கத்தின் இருவர் நாடாளுமன்றத்துக்குள் போனார்கள். பொதுச் செயலாளர் ஜேம்ஸ் யாக்ஸால் லிபரல் கட்சி, எர்னஸ்ட் கிரே கன்சர்வேடிவ் கட்சி. எதிரெதிர் இருக்கைகளில் உட்கார்ந்து ஒரே சங்கத்துக்காகப் பேசியவர்கள். எந்தக் கட்சிக்கும் தொங்கு சதையாக இல்லாமல் இருந்தது இந்தச் சங்கத்தின் பெரிய பலம் என்பது என் கருத்து.

ஹாரோ அக்காவுக்காக இன்னொரு செய்தி. கிழக்குக் கடற்கரையில் லோவஸ்டாஃப்ட் என்று ஒரு மீன்பிடி நகரம். 1923இல் அங்கே உள்ளூர் கல்வி நிர்வாகம் சம்பளத்தைப் பத்து சதவீதம் வெட்டியது. ஆசிரியர்கள் ஏற்கவில்லை. கிட்டத்தட்ட பதினொரு மாதம் தகராறு. அந்தப் பதினொரு மாதமும் சங்கமே மண்டபங்களை எடுத்து 'நல மையம்' என்ற பெயரில் வகுப்புகள் நடத்தியது. பெற்றோர்கள் பிள்ளைகளை நிர்வாகத்தின் பள்ளிக்கு அனுப்பாமல் அந்த மையங்களுக்கு அனுப்பினார்கள். பள்ளிக்கூடம் என்பது கட்டடம் இல்லை, வாத்தியாரும் பிள்ளைகளும் இருக்கும் இடம் என்று அந்த ஊர்க்காரர்கள் முடிவு செய்துவிட்டார்கள். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

கயல்:

பழைய_தாள் அண்ணா, நீங்கள் எழுதியது எல்லாம் சரி. ஆனால் பாதிக் கதை வெளியே நிற்கிறது. அந்தச் சங்கத்தின் உறுப்பினர்களில் பெண்களே அதிகம். முதல் பெண் தலைவர் எப்போது வந்தார்? 1911இல். ஷெஃபீல்டின் தலைமையாசிரியை இசபெல் கிளெக்கார்ன். சங்கம் தொடங்கி 41 ஆண்டுகள் கழித்து.

சம்பளத்தைப் பாருங்கள். 1919இல் ஆசிரியர் சம்பளத்தைப் பேசித் தீர்மானிக்க பர்ன்ஹாம் குழு அமைந்தது. ஊருக்கு ஒரு சம்பளம் என்ற நிலை போய் நாடு முழுவதற்கும் விகிதம் வகுக்க வழி பிறந்தது. பெரிய வெற்றிதான். அந்த விகிதத்தில் பெண்ணுக்கு எவ்வளவு? ஆணின் சம்பளத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு. அதே வகுப்பு, அதே பிள்ளைகள், அதே கரும்பலகை. சங்கப் பிரதிநிதிகள் அந்த மேசையில் உட்கார்ந்துதான் இதற்கு ஒப்புக்கொண்டார்கள்.

1904இலேயே சங்கத்துக்குள் சில பெண்கள் சம ஊதியக் குழுவைத் தொடங்கியிருந்தார்கள். 1919இல் உறுப்பினர் வாக்கெடுப்பில் சம ஊதியம் கொள்கையாக ஏற்கப்பட்டது. ஏட்டில் ஏற்பதும் அதற்காகப் போராடுவதும் ஒன்றா? பொறுத்துப் பார்த்த பெண்கள் 1920இல் வெளியேறி தேசியப் பெண் ஆசிரியர் சங்கம் கண்டார்கள். சம ஊதியம் என்ற கொள்கையே பிடிக்காத ஆண்கள் 1922இல் தனியாகப் போனார்கள். அதாவது கொள்கையில் நம்பிக்கை வைத்தவர்களும் அதை வெறுத்தவர்களும் இரண்டு பக்கமும் கழன்றுபோக, நடுவில் என்யூடி நின்றது.

இதோடு திருமணத் தடை. 1920களில் பல உள்ளூர் நிர்வாகங்கள் பெண் ஆசிரியர் திருமணம் செய்தால் வேலையை விட்டு நிறுத்தின. பத்து வருடம் பாடம் நடத்திய பெண், தாலி ஏறிய மறுநாள் தகுதி இழந்துவிடுவாளா? 1944 கல்விச் சட்டம் வந்துதான் அது ஒழிந்தது. அதே சட்டம் விவாதத்தில் இருந்த மார்ச் மாதம், பெண் ஆசிரியர்களுக்குச் சம ஊதியம் என்ற திருத்தத்தை நாடாளுமன்ற உறுப்பினர் தெல்மா காசலெட்-கீர் கொண்டுவந்தார். 117க்கு 116, ஒரே வாக்கில் வென்றது. பிரதமர் சர்ச்சில் அதை அரசின் மீதான நம்பிக்கை வாக்கெடுப்பாக மாற்றி இரண்டே நாளில் திருப்பி எடுக்க வைத்தார். போர்க்காலம், யாரும் அரசைக் கவிழ்க்கத் துணியவில்லை. பிறகு 1955இல் படிப்படியாகச் சம ஊதியம் என்று முடிவாகி 1961இல் முழுதாகக் கிடைத்தது. பெண் ஆசிரியர் சங்கம் தன் வேலை முடிந்தது என்று அதே ஆண்டு கலைந்தது.

நான் சங்கத்துக்கு எதிரி இல்லை. என் தங்கை ஆசிரியை, சங்க உறுப்பினர். 1904 முதல் 1961 வரையான அந்த 57 ஆண்டுகளையும் சேர்த்துச் சொன்னால்தான் வரலாறு முழுமை என்பதற்காக எழுதினேன்.

பழைய_தாள்:

கயல், நீங்கள் சொன்னது முழுக்க உண்மை. நான் விட்டது தவறு. நன்றி.

ஹாரோ_அம்மா:

கயல் எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். என் கடையிலும் இதுதான் நடக்கிறது, அதனால் நன்றாக விளங்கியது.

ஆனால் என் கேள்வி இன்னும் நிற்கிறது. பழைய காலத்தில் பிள்ளைகளுக்காகப் போராடினார்கள், சரி. இப்போது ஏன் சம்பளம், வேலைப்பளு என்றே சொல்கிறார்கள்?

ஈஸ்ட்ஹாம்_வாத்தியார்:

அக்கா, இதற்குத்தான் நான் காத்திருந்தேன். பதில் சட்டத்தில் இருக்கிறது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த நாட்டில் வேலைநிறுத்தம் செய்ய நேரடியான உரிமை என்று ஒன்று கிடையாது. ஒரு 'தொழில் தகராறு' இருந்தால் சங்கத்தின் மீது நஷ்டஈட்டு வழக்குப் போட முடியாது, அந்தப் பாதுகாப்பு மட்டும்தான் உண்டு. 1982இல் சட்டத்தை இறுக்கினார்கள். தகராறு முழுமையாகவோ பெரும்பாலுமோ சம்பளம், வேலை நேரம், வேலை நிபந்தனைகள் பற்றியதாக இருக்க வேண்டும்.

இப்போது 1993க்கு வாருங்கள். 1988 சட்டத்தால் தேசியப் பாடத்திட்டம் வந்தது, 7, 11, 14 வயதில் தேசியத் தேர்வுகள் வந்தன. பாடத்திட்டம் தாங்க முடியாத அளவு பெரியது. ஆசிரியர்கள் பிள்ளைக்குப் பிள்ளை கட்டம் கட்டமாக டிக் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். 1862இன் நிழல் அப்படியே தெரிந்தது. சங்கங்கள் தேர்வைப் புறக்கணிக்க முடிவெடுத்தன. வாண்ட்ஸ்வர்த் நகராட்சி, என்ஏஎஸ்யூடபிள்யூடி என்ற இன்னொரு சங்கத்தின் மீது வழக்குத் தொடுத்தது. கயல் சொன்னாரே, 1922இல் பிரிந்துபோன ஆண்கள், அவர்களுடைய சங்கத்தின் வழியில் வந்ததுதான் அது. மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போய்ச் சங்கம் வென்றது. எப்படி? இந்தத் தேர்வு எங்கள் வேலைப்பளுவைக் கூட்டுகிறது என்று வாதாடியது. அதனால் அது தொழில் தகராறு.

இந்தத் தேர்வு பிள்ளைகளின் படிப்பைக் கெடுக்கிறது என்பதை முதன்மைக் காரணமாக வைத்திருந்தால் தோற்றிருப்பார்கள். ஏனென்றால் அது 'கல்விக் கொள்கை', தொழில் தகராறு ஆகாது. என்யூடி முக்கியமாகச் சொல்லிவந்தது அந்தக் கல்விக் காரணத்தைத்தான். 1993, 1994 இரண்டு ஆண்டும் தேர்வுகள் பெருமளவு முடங்கின. அரசு ரான் டியரிங் என்பவரை வைத்து மறுபரிசீலனை செய்து பாடத்திட்டத்தைக் குறைத்தது.

எங்களுக்குச் சட்டம் சொல்வது இதுதான்: உன் சம்பளத்துக்காக, உன் நேரத்துக்காக நில், பாதுகாப்பு உண்டு. உன் மாணவனுக்காக நின்றால் பாதுகாப்பு இல்லை. அதனால் வாக்குச்சீட்டில் சம்பளம் என்று எழுதுகிறோம். நீங்கள் டிவியில் அதைக் கேட்டு, இவர்களுக்குச் சம்பளம்தான் முக்கியம் என்று நினைக்கிறீர்கள். உங்கள் மேல் தப்பே இல்லை. என் வகுப்பில் 32 பிள்ளைகள். போன வருடம் இரண்டு பருவம் இயற்பியலுக்கு நிரந்தர ஆசிரியர் கிடைக்கவில்லை, வாராவாரம் வேறு வேறு ஆள் வந்தார்கள். சம்பளம் நன்றாக இருந்தால் அந்த ஆசிரியர் வேறு வேலைக்குப் போயிருக்க மாட்டார். அந்தப் பிள்ளைகளுக்கு இயற்பியல் ஒழுங்காகக் கிடைத்திருக்கும். என் சம்பளக் கோரிக்கைக்குள் அந்தப் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

நெல்லை_ஓய்வுபெற்ற_ஆசிரியர்:

தம்பி, நம் ஊரில் அந்தப் பாதுகாப்பும் இல்லை. 2003இல் தமிழ்நாட்டில் அரசு ஊழியர், ஆசிரியர் வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ 1,70,000 பேர் ஒரே உத்தரவில் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். ரங்கராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையும் இல்லை, சட்ட உரிமையும் இல்லை, தார்மீக உரிமையும் இல்லை என்றது. பெரும்பாலானவர்களைத் திரும்ப எடுத்தார்கள் என்பது வேறு. அந்த 'தார்மீக' என்ற சொல்தான் இன்றும் என் நெஞ்சில் முள்ளாக இருக்கிறது.

கயல்:

வாத்தியார் அண்ணா, 1984 முதல் 86 வரை நடந்ததையும் சொல்லுங்கள். அதில் சங்கம் தோற்றதுதானே?

ஈஸ்ட்ஹாம்_வாத்தியார்:

ஆமாம், தோற்றது. சம்பளத்துக்காக நீண்ட போராட்டம். மதிய உணவு நேர மேற்பார்வை இல்லை, வராத ஆசிரியரின் வகுப்பைக் கவர் எடுப்பதில்லை, பள்ளி முடிந்தபின் எந்த வேலையும் இல்லை என்று ஆசிரியர்கள் நின்றார்கள். முடிவில் 1987 சட்டம் பர்ன்ஹாம் குழுவையே ஒழித்தது. சம்பளப் பேச்சுவார்த்தை என்ற உரிமை போனது. வருடத்தில் 195 நாள், 1,265 மணி நேரம் தலைமையாசிரியர் சொல்லும் வேலை என்று எழுதிவைத்தார்கள். இன்றுவரை அதுதான்.

இன்னொரு இழப்பும் உண்டு. சனிக்கிழமை ஃபுட்பால், நாடகம், மாலைக் குழுக்கள் எல்லாம் அந்த இரண்டு ஆண்டில் நின்று, பல பள்ளிகளில் திரும்பி வரவே இல்லை. அவை ஆசிரியர்கள் விருப்பத்தோடு செய்தவை. பெற்றோரிடம் போய்ப் பேசாமல் அவற்றை நிறுத்தியது பிழை என்றே நினைக்கிறேன். லோவஸ்டாஃப்ட்டில் ஊர் சங்கத்தோடு நின்றது. 1986இல் பல ஊர்கள் களைத்துப் போயிருந்தன.

2010 மேயில் என்யூடியும் தலைமையாசிரியர் சங்கமும் சேர்ந்து 11 வயதுக்கான சாட்ஸ் தேர்வைப் புறக்கணித்தபோது சுமார் நான்கில் ஒரு பங்குப் பள்ளிகள் தேர்வை நடத்தவில்லை. அந்த முறை பல பள்ளிகளில் பெற்றோரைக் கூட்டி விளக்கினார்கள். 2021 ஜனவரியில் கோவிட் உச்சத்தில் இருந்தபோது, பள்ளியைத் திறப்பது பாதுகாப்பில்லை என்று என்இயூ உறுப்பினர்களை எச்சரித்தது. ஜனவரி 4ஆம் தேதி பல தொடக்கப் பள்ளிகள் ஒரே ஒரு நாள் திறந்தன, அன்று மாலையே நாடு மூடப்பட்டது.

அப்புறம் பிளேர் பீச். இந்தப் பெயரை நம்மவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நியூசிலாந்தில் பிறந்தவர், கிழக்கு லண்டனில் சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கு ஆசிரியர், இந்தப் பகுதி என்யூடி கிளையின் தலைவர். 1979 ஏப்ரல் 23 அன்று, தெற்காசிய மக்கள் நிறைந்த சவுத்தாலில் நேஷனல் ஃபிரன்ட் என்ற இனவெறிக் கட்சி கூட்டம் நடத்தியதை எதிர்த்து அந்த மக்களோடு போய் நின்றார். தலையில் அடிபட்டு இறந்தார். வயது 33. அவரைத் தாக்கியது ஒரு காவலராக இருக்கவே மிகுந்த வாய்ப்பு என்று சொன்ன காவல்துறையின் உள் அறிக்கை 2010இல்தான் வெளியே வந்தது. அவருக்கு அங்கே போகச் சம்பளக் காரணம் ஒன்றும் இல்லை. இனவெறிக்கு எதிராகப் பள்ளிகளில் வேலை செய்பவர்களுக்குச் சங்கம் அவர் பெயரில் விருது கொடுத்துவருகிறது. நம் பிள்ளைகள் இன்று லண்டன் வகுப்பறையில் தலை நிமிர்ந்து உட்கார்வதில் அவருக்கும் பங்கு உண்டு.

2023 பற்றியும் சொல்லிவிடுகிறேன். அப்போது 2016 சட்டப்படி உறுப்பினரில் பாதிப் பேராவது வாக்களிக்க வேண்டியிருந்தது. வாக்கும் தபாலில் மட்டும்தான். பள்ளி போன்ற பொதுச் சேவையில் மொத்த உறுப்பினரில் 40 சதவீதம் பேர் ஆதரிக்கவும் வேண்டியிருந்தது. வீடு வீடாகப் போன் போட்டு உறையைத் தபாலில் போட்டீர்களா என்று கேட்டுத்தான் அந்த எண்ணிக்கையைத் தொட்டோம். கடைசியில் 6.5 சதவீத உயர்வோடு முடிந்தது. அந்த நாட்களில் எனக்கும் சம்பளம் இல்லை அக்கா. நம் இருவருடைய கூலியும் ஒரே நாளில்தான் போனது.

ஹாரோ_அம்மா:

உங்களுக்கும் சம்பளம் இல்லை என்பது எனக்குத் தெரியாது. லீவு மாதிரி என்று நினைத்திருந்தேன். மன்னித்துக்கொள்ளுங்கோ.

என் சின்னவள் இப்போது இயர் சிக்ஸ். மேயில் சாட்ஸ். ஜனவரியிலிருந்து காலையில் இங்கிலீஷ், மத்தியானம் கணக்கு, பழைய வினாத்தாள், திரும்பக் கணக்கு. ஓவியம் வரைவதென்றால் அவளுக்கு உயிர். பெப்ரவரிக்குப் பிறகு ஒரு ஓவிய வகுப்பும் நடக்கவில்லை என்கிறாள். பழைய_தாள் எழுதிய 1862 கதையை வாசித்தபோது அதுதான் ஞாபகம் வந்தது.

வியாழக்கிழமை பெற்றோர் சந்திப்பு இருக்கிறது. ஓவிய வகுப்பு எங்கே போனது என்று கேட்கலாம் என்றிருக்கிறேன். அவளுடைய ரீச்சரைக் குறை சொல்வது மாதிரி ஆகிவிடுமோ என்று பயமாகவும் இருக்கிறது.

ஈஸ்ட்ஹாம்_வாத்தியார்:

கேளுங்கள் அக்கா. ரீச்சரைத் தனியாகக் கேட்காமல் தலைமையாசிரியரும் இருக்கும்போது கேளுங்கள், முடிந்தால் இன்னும் இரண்டு பெற்றோரைக் கூட்டிக்கொண்டு போங்கள். பள்ளியின் நிர்வாகக் குழுவுக்கு ஒரு கடிதமும் எழுதலாம். எங்களால் வெளியே சொல்ல முடியாததைப் பெற்றோர் சொன்னால் அந்த ரீச்சருக்கு எவ்வளவு ஆறுதல் என்று உங்களுக்குத் தெரியாது.

கயல்:

அக்கா, கடிதம் எழுத உதவி வேண்டுமென்றால் தனிச் செய்தி அனுப்புங்கள். இன்று இரவு சேர்ந்து எழுதலாம்.

ஹாரோ_அம்மா:

கடை எட்டு மணிக்கு மூடும். அதற்குப் பிறகு அனுப்புகிறேன்.